கிராஸ் என்னும் சொல்

பெங்களூருவில் வாழும் நாம் முகவரி கூறும்போது 'கிராஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லைக் கூறாதிருத்தல் அரிது. இத்தனையாவது மெயின், இத்தனையாவது கிராஸ் என்றால்தான் தபால்காரருக்கு வழி புலப்படும். மெயின் என்பது நீண்டு செல்லும் பெருந்தெரு. அதனைக் குறுக்கே வெட்டிச் செல்வது கிராஸ். 1898இல் பிளேக் நோய் பரவிய பின் விரிவடைந்த மல்லேசுவரமும் பசவனகுடியும் இம்முறையில் வகுக்கப்பட்டவை. கன்னடத்தார் 'அட்ட ரஸ்தெ' என்பர். தமிழில் 'குறுக்குத் தெரு' பொருந்தும்.

ஆனால், கிராஸ் என்றவுடன் 'குறுக்கு' என்று எழுதிச் செல்லும் மொழிபெயர்ப்பாளர் விரைவில் இடறுவார். நீதிமன்றத்தில் 'குறுக்கு விசாரணை' சரியே. ரெட் கிராஸோ 'செஞ்சிலுவை' ஆகும். கால்நடைத் துறையில் அது கலப்பினம். மேலதிகாரி 'கிராஸ்' ஆக இருக்கிறார் என்று எவரேனும் கூறினால், அவர் சினந்திருக்கிறார் என்று அறிந்து சற்று விலகியிருப்பது நன்று.

நாம் பிழை செய்தது காசோலையில். 'காசோலையைக் கிராஸ் செய்து அனுப்புக' என்னும் தொடரை ஒருமுறை 'குறுக்கே அடித்து அனுப்புக' என்று பெயர்த்துவிட்டோம். தமிழில் அடித்தல் என்பது நீக்குதல் அன்றோ! ஓய்வூதியம் பெறும் முதியவர் ஒருவர் அதனை நம்பி, எழுதிய தொகையையே அடித்து அனுப்பினார். காசோலை செல்லாதாயிற்று, பணம் கட்ட வேண்டிய நாளும் கடந்தது. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டப்படி, காசோலையின் முகப்பில் குறுக்காக இரண்டு இணைகோடுகள் இட்டால் போதும். பின்னர் அத்தொகையை நேரில் ரொக்கமாகப் பெற இயலாது. வங்கிக் கணக்கின் வாயிலாகவே பெறலாம். பிறர் கையில் பணம் சிக்காதிருக்க இடும் காப்பு அது. 'கோடிட்ட காசோலை' என்றே அன்று எழுதியிருக்க வேண்டும்.

நகரெல்லையைத் தாண்டினால் இச்சொல் மீண்டும் உருமாறும். பழைய சென்னைச் சாலையிலுள்ள 'பூதிகெரே கிராஸ்' என்பது பூதிகெரே ஊரன்று; அவ்வூருக்கு வழி கிளைக்கும் இடம். ஊர் பல கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. இத்தகைய இடத்தைத் தமிழ்நாட்டின் வடமாவட்டத்தார் 'கூட்டு ரோடு' என்பர். கொங்கு நாட்டார் 'பிரிவு' என்பர். தென்மாவட்டத்தார் 'விலக்கு' என்பர். ஒரே இடத்தில் ஒருவர் சாலைகள் கூடக் கண்டார், மற்றவர் பிரியக் கண்டார்! சட்டப் பிரிவுகளோடு நாள்தோறும் பழகும் நமக்குப் 'பிரிவு' மயக்கம் தருகிறது. 'விலக்கு' மதுவிலக்கை நினைவூட்டுகிறது. ஆகவே கூட்டு ரோட்டையே விரும்புகிறோம். எவ்வாறாயினும், இரவு நேரத்தில் மூட்டை முடிச்சுகளோடு இறங்குமுன் 'ஊரா, கிராஸா?' என்று நடத்துநரைக் கேட்டுக்கொள்வது நலம்.