யானையை அனுப்பினோம், பிரச்சினை போனதா?

மட்டக்களப்பின் படுவான்கரையில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராம மக்கள் மகஜர் ஒன்றைத் தயாரித்தார்கள். அதை எழுதிக் கொடுத்தவர்கள் நாம்தான். பெரும்போக வேளாண்மை குடலைப் பருவத்தில் இருந்த நேரம் அது. தனியன் யானை ஒன்று இரவிரவாக வயலில் இறங்கியது. ஒரு வீட்டின் சுவரை இடித்து நெல் மூட்டையை இழுத்துச் சென்றது. காவலுக்குப் போன குடும்பத் தலைவர் ஒருவர் உயிரிழந்தார். "இந்த யானையை இங்கிருந்து அகற்றுங்கள்" என்பதே ஊரின் ஒரே கோரிக்கை. யானை பிடிக்கப்பட்டு லொறியில் ஏற்றப்பட்டபோது ஊரே மகிழ்ந்தது. நாமும் மகிழ்ந்தோம்.

அடுத்த பெரும்போகத்தில் அதே வயலுக்கு வேறொரு யானை வந்தது. "கொண்டு போன ஆனைக்குப் பதிலா இன்னொண்டு வந்திற்று பாதர்" என்றார் கணவனை இழந்த அந்தத் தாய். நாம் எழுதிய மகஜரை மீண்டும் எண்ணிப் பார்க்க வைத்தது அந்த வார்த்தை.

இடமாற்றத்தின் விளைவு

தொல்லை தரும் யானையை மயக்க ஊசியால் பிடித்துத் தேசிய பூங்காவொன்றில் விடுவது நம் நாட்டில் நெடுங்காலமாக நடந்துவரும் முறை. அதன் பின் அந்த யானைக்கு என்ன நேர்கிறது? கலாநிதி பிரித்திவிராஜ் பெர்னாண்டோவும் அவரது குழுவினரும் 12 ஆண் யானைகளுக்கு ஜீ.பீ.எஸ். கழுத்துப்பட்டி அணிவித்து, 16 இடமாற்றங்களைக் கண்காணித்தார்கள். ஆய்வு 2012இல் வெளியானது. இரு யானைகள் விடப்பட்ட பூங்காவுக்குள்ளேயே கொல்லப்பட்டன. மற்றவை அனைத்தும் பூங்காவை விட்டு வெளியேறின. சில பிடிபட்ட இடத்துக்கே திரும்பின. சில ஊர் ஊராக அலைந்தன. சில புதிய இடங்களில் தங்கி, அங்குள்ளவர்களுக்குத் தொல்லையாயின. இடமாற்றத்தால் மோதல் பரவியது, கடுமையானது. யானைகளின் இறப்பும் கூடியது என்பதே ஆய்வின் முடிவு.

காரணம் விளங்கக் கூடியதே. வளர்ந்த ஆண் யானைக்குத் தன் நீர்நிலை, பாதை, மேய்ச்சலிடம் யாவும் பழக்கமானவை. அறியாத காட்டில் அது தடுமாறுகிறது. அது விட்டுச் சென்ற இடத்திலோ வயல் அப்படியே இருக்கிறது. ஆகவே இன்னொரு யானை வருகிறது.

வரிப்புலி நம் நாட்டில் இல்லை. ஆயினும் அயல்நாட்டு அனுபவமும் இதையே சொல்கிறது. 2018இல் மத்தியப் பிரதேசத்திலிருந்து ஒடிசாவின் சத்கோசியாக் காட்டுக்கு இரண்டு புலிகள் கொண்டுவரப்பட்டன. ஆண் புலி அதே ஆண்டு நவம்பரில் இறந்தது. இருவரின் சாவுக்குக் காரணமெனக் கூறப்பட்ட 'சுந்தரி' என்ற பெண் புலி கூண்டுக்குள் போனது. உள்ளூர் மக்களின் சம்மதமின்றிக் காட்டில் எதையும் குடியமர்த்த முடியாது என்பது அங்கு கிடைத்த பாடம்.

வேலி எங்கே போடுவது?

2011 கணக்கெடுப்பின்படி இலங்கையில் 5,879 காட்டு யானைகள் இருந்தன. 2023இல் மட்டும் 470க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதர்களும் மடிந்தனர். நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 வீதத்தில் யானைகள் நடமாடுகின்றன. அந்தப் பரப்பில் சுமார் 70 வீதத்தில் மக்களும் வாழ்கிறார்கள். இத்தனை யானைகளையும் எந்தப் பூங்காவுக்கு அனுப்புவது?

2020இல் தயாரிக்கப்பட்ட தேசிய செயற்திட்டம் வேறு வழியைக் காட்டுகிறது. மின்வேலி யானையை அடைப்பதற்கு அல்ல, ஊரைக் காப்பதற்கு. இரு புறமும் யானைகள் உள்ள காட்டு எல்லையில் வேலி போட்டுப் பயனில்லை. அதைக் குடிமனைகளைச் சுற்றி நிரந்தரமாகவும், வயலைச் சுற்றிப் பயிர்க்காலத்தில் மட்டும் தற்காலிகமாகவும் போட வேண்டும். அறுவடை முடிந்ததும் வயல்வேலி கழற்றப்படும். வயலில் எஞ்சியதை யானை மேயலாம். வேலியைப் பராமரிப்பவர்கள் ஊர் மக்களே. குருநாகல் மாவட்டத்தின் கல்கமுவப் பகுதியில் இம்முறை பலனளித்துள்ளது. ஆனால் வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் பாய்ச்சுவது வேறு விடயம். அது சட்டவிரோதம், யானையையும் கொல்லும், அயலவரையும் கொல்லும்.

இது இலகுவான வேலையல்ல. கொடி படர்ந்தால் வெட்ட வேண்டும்; கம்பி அறுந்தால் அன்றே கட்ட வேண்டும். கமக்காரர் அமைப்பு முறைவைத்து ஆட்களை நியமிக்க வேண்டும். ஒருவர் தவறினால் முழு ஊரும் பாதிக்கப்படும்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நமக்கு இது தொலைவிலுள்ள பிரச்சினையாகத் தோன்றலாம். நாம் உண்ணும் சோறு அந்த வயல்களிலிருந்துதான் வருகிறது. "யானையைக் கொண்டுபோங்கள்" என்று ஒரு மகஜர் எழுத எமக்கு அரைநாள் போதுமாக இருந்தது. "வேலிக்கு உதவி தாருங்கள், பராமரிப்பை நாங்கள் ஏற்கிறோம்" என்ற மகஜருக்கு ஊர்க் கூட்டங்கள் பல தேவைப்படும். அந்தத் தாயின் ஊரில் முதல் கூட்டம் கூடிவிட்டது. இம்முறை நாம் எழுதுமுன் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.