எல்லாருக்கும் அரிசி, சிலருக்கு ஆயிரம்

இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளின் மாநில அலுவலகங்களும் தி.நகரில்தான் இருக்கின்றன. சி.பி.ஐ.க்கு பாலன் இல்லம், சி.பி.எம்.முக்கு வைத்தியராமன் தெரு. அங்கே போய் 'எல்லாருக்கும் அடிப்படை வருமானம்', அதாவது நிபந்தனை இல்லாமல் எல்லார் கையிலும் அரசு பணம் தரவேண்டும் என்று சொன்னால் தோழர்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். சந்தைப் பொருளாதாரத்தின் குருவான மில்டன் ஃப்ரீட்மனே 1962இல் ஏழைகளின் கையில் நேரடியாகப் பணம் கொடுக்கச் சொன்னவர். பணத்தைக் கொடுத்துவிட்டு ரேஷன், பள்ளி, ஆஸ்பத்திரியிலிருந்து அரசு கழன்றுகொள்ளும் என்பது இடதுசாரிகளின் பயம். இதற்கு நேர்மாறாக, வான் பாரீஸ், வான் டெர் வீன் என்ற இரண்டு அறிஞர்கள் 1986இல், அடிப்படை வருமானம் வழியாக முதலாளித்துவத்திலிருந்து நேரே கம்யூனிசத்துக்குப் போய்விடலாம் என்று எழுதினார்கள். (நடுவில் சோசலிசம் என்ற ஸ்டாப்பிங்கே கிடையாதாம்!)

பயம் வீண் அல்ல. பக்கத்துப் புதுச்சேரியில் 2015இல் ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடத் தொடங்கினார்கள். பிறகு ரேஷன் கடைகளே மூடிக் கிடந்தன. 2024 தீபாவளியை ஒட்டித்தான் மறுபடி திறந்தன.

தமிழ்நாடு அந்தப் பக்கம் போகவில்லை. 1997இல் மத்திய அரசு ரேஷனை ஏழைகளுக்கு மட்டும் என்று பிரித்தபோதும், இங்கே எல்லாருக்கும் என்றே வைத்துக்கொண்டோம். மயிலாப்பூர் ரேஷன் கடை வரிசையில் உங்கள் சம்பளம் என்ன என்று யாரும் கேட்பதில்லை. மெஷினில் விரலை வைத்தால் புழுங்கலரிசி வந்துவிடும், 2011 முதல் இலவசமாக. அரிசி வேண்டாதவர்கள் சர்க்கரை கார்டு வாங்கிக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், பொதுவுடைமைக்கு நம்மூரில் மிக நெருக்கமானது இந்த வரிசைதான்.

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை அப்படி இல்லை. மாதம் 1,000 ரூபாய், 1 கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு. ஆனால் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கவேண்டும், ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் ஓடியிருக்கக்கூடாது. மாதச் சராசரி 300 யூனிட். ஃபிரிட்ஜ், கிரைண்டர், வயதானவருக்காக ஒரு பழைய ஏசி என்று இருக்கும் அடையாறு கூட்டுக்குடும்பம் இந்த வரம்பைச் சுலபமாகத் தாண்டிவிடும். அந்த வீட்டு மருமகளின் கையில் சல்லிக்காசு இல்லாவிட்டாலும் மீட்டர்தான் முடிவுசெய்கிறது. வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்து அலையவேண்டும்.

2025-26 பட்ஜெட்டில் இந்தத் திட்டத்துக்கு 13,807 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். வடிகட்டலை எடுத்தால் செலவு கூடும், உண்மைதான். வசதி உள்ளவர்களுக்குப் போகிற பணத்தை வரியில் திருப்பி வாங்கலாம். மீட்டரைப் பார்த்து வடிகட்டவேண்டியதில்லை. அரிசியும் இருக்கட்டும், ஆயிரமும் எல்லாப் பெண்களுக்கும் வரட்டும் என்று தி.நகர் தோழர்கள் தெருவில் இறங்கிக் கேட்கவேண்டும்.