எங்கிருந்து அடித்தாய்?

படவேட்டில் உட்கார்ந்துகொண்டு கோல்ஃபா என்று நண்பர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும். எண்ணுவது வேறு, அளப்பது வேறு என்பதை இந்தப் பணக்கார ஆட்டம் அப்பட்டமாகக் காட்டிவிடுகிறது.

8 அடி தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் தள்ள அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரருக்குச் சராசரியாக ஏறக்குறைய 1.5 தட்டல் பிடிக்கிறது. 33 அடியிலிருந்து 2. இரண்டே தட்டலில் முடித்தால் முன்னதில் அரைத் தட்டல் நஷ்டம், பின்னதில் ஒன்றும் நஷ்டமில்லை. பழைய கணக்கோ இரண்டையும் ஒன்றாகவே எழுதிவந்தது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடியின் இந்த முறையை பிஜிஏ டூர் 2011இல் எடுத்துக்கொண்டது.

எங்கிருந்து அடித்தாய் என்று கேட்கிற கணக்கு. சரிதான். ஆனால் அதன் சராசரி, உள்ளே வர முடிந்தவர்களின் சராசரி மட்டுமே. 2009இல் இந்தியன் ஓபனை வென்ற பெங்களூர் சி. முனியப்பா, பிறருடைய மட்டைப்பையைச் சுமந்த கேடியாக இருந்து ஆட வந்தவர். அவருடைய கணக்கும் முதல் அடியிலிருந்துதான் தொடங்கும்.