யாரிடமும் சொல்லாதே!

போலீஸ் என்று சொல்லி வீடியோ அழைப்பிலேயே ஒருவரைக் கைதுசெய்ததாக மிரட்டிப் பணம் பறிக்கும் 'டிஜிட்டல் கைது' மோசடி பற்றி மத்திய அரசு 2025 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் ஒரு கணக்குக் கொடுத்தது. இந்த மோசடியும் இதை ஒட்டிய குற்றங்களுமாக 2022இல் பதிவானவை 39,925. பறிபோன பணம் 91.14 கோடி ரூபாய். 2024இல் அதுவே 1,23,672 ஆகவும் 1,935.51 கோடியாகவும் ஆகிவிட்டது. புகார்கள் மூன்று மடங்கு, பணமோ இருபத்தொரு மடங்கு. வகுத்துப் பார்த்தால், ஒரு புகாருக்குச் சுமார் 23 ஆயிரம் போய்க்கொண்டிருந்த இடத்தில் 2024இல் ஒன்றரை லட்சத்துக்கு மேல் போயிருக்கிறது. இத்தனைக்கும், ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வராத மாதம் கிடையாது. ஆனால் இந்த மோசடியில் யாரும் ஓ.டி.பி. கேட்பதே இல்லை. ஏமாறுகிறவரே வங்கிக்குப் போய், வைப்புநிதியை முறித்து, ஆர்.டி.ஜி.எஸ். படிவத்தைத் தன் கைப்பட நிரப்பி அனுப்பிவிடுகிறார். அவருக்கு இல்லாமல் போனது தகவல்தானா என்பதே என் சந்தேகம்.

நாடகம் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். உங்கள் பெயரில் போன பார்சலில் போதைப்பொருள் சிக்கியது என்று ஒரு அழைப்பு வரும். அல்லது, உங்கள் ஆதாரில் வாங்கிய சிம் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், விவரத்துக்கு 9ஐ அழுத்தவும் என்று பதிவு செய்த குரல் பேசும். அழுத்தினால் 'மும்பை சைபர் கிரைம்' லைனில் வரும். பின்னால் வாக்கிடாக்கி இரைச்சல். அடுத்து வாட்ஸ்அப் வீடியோவில் காக்கிச் சட்டை, சுவரில் முத்திரை, பி.டி.எஃப். ஆக வந்து விழும் வாரண்ட். இவையெல்லாம் ஒப்பனைதான். வேலையை முடிப்பவை மூன்று கட்டளைகள்: போனை வைக்காதே, கேமராவை அணைக்காதே, பெண்டாட்டி பிள்ளை வக்கீல் என்று யாரிடமும் வாய் திறக்காதே. ஒப்பனை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறுகிறது. இந்த மூன்றும் மாறுவதில்லை.

இதன் காரணத்தைத் தேடினால் அறுபது ஆண்டுக்கு முந்தைய ஓர் ஆய்வுக்குப் போக வேண்டியிருக்கிறது. 1961இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய கீழ்ப்படிதல் சோதனை அது. பக்கத்து அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொல்லும்போதெல்லாம் மின்அதிர்ச்சி கொடு என்று ஆய்வாளர் உத்தரவிடுவார். அதிர்ச்சி போலி, பொத்தானை அழுத்துகிறவருக்கு அது தெரியாது. 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள். பலரும் அறிந்த இந்த எண்ணைவிட, அவர் பிறகு செய்துபார்த்த மாற்றங்கள்தான் நமக்கு முக்கியம். ஆய்வாளர் அறையை விட்டு வெளியேறி டெலிபோனில் உத்தரவு போட்டபோது, கடைசி வரை போனவர்கள் ஐந்தில் ஒருவர் என்ற அளவுக்குச் சரிந்தார்கள். சிலர் கூட்டியதாகப் பொய் சொல்லிவிட்டுக் குறைந்த அதிர்ச்சியே கொடுத்தார்கள். கண்ணெதிரே ஆள் இல்லாத அதிகாரத்துக்குப் பலம் குறைவு. மோசடிக்காரர்கள் மில்கிராமைப் படித்திருக்கத் தேவையில்லை. கேமராவை அணைக்க விடாமல் வைத்திருப்பது, போனில் இல்லாத அந்தப் பிரசன்னத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறது. இன்னொரு மாற்றத்தில், கூட இருந்த இருவர் மறுத்து எழுந்தபோது 40 பேரில் 4 பேர்தான் முடிவு வரை போனார்கள். இரண்டு ஆய்வாளர்கள் ஆளுக்கொன்றாக உத்தரவிட்டபோது ஒருவர்கூடப் போகவில்லை. 'யாரிடமும் சொல்லாதே' என்பது ரகசியம் காக்கச் சொல்லும் கட்டளை அல்ல; இரண்டாவது குரல் காதில் விழாமல் கதவைச் சாத்தும் ஏற்பாடு.

ஏமாறுகிறவர்கள் விவரம் இல்லாதவர்கள் என்று சொல்பவர்கள் உண்டு. வர்த்மான் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால் 2024இல் 7 கோடி ரூபாய் இழந்தார். உச்ச நீதிமன்ற விசாரணை என்று வீடியோவிலேயே ஒன்றை நடத்தி, தலைமை நீதிபதி போல ஒருவரைப் பேசவைத்திருந்தார்கள். பெரிய ஜவுளி நிறுவனத்தை நடத்தியவருக்கு விவரம் போதாது என்றால் யாருக்குத்தான் போதும்? உண்மையிலேயே இப்போது நீதிமன்றங்கள் காணொளியில் விசாரிக்கின்றன, சட்டமும் மின்னணு வழிச் சம்மனுக்கு இடம் தருகிறது. ஆகவே 'போலீஸ் வீடியோவில் வராது' என்று மனப்பாடம் செய்துகொள்வது நாளைக்கே உதவாமல் போகலாம். நிலைத்த அடையாளம் வேறு இடத்தில் இருக்கிறது. டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகளின்படி, கைதானவரின் உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் போக வேண்டும். அது இன்று சட்டத்திலேயே இருக்கிறது. நிஜமான கைது இன்னொருவருக்குச் சொல்லச் சொல்கிறது. போலிக் கைது சொல்லாதே என்கிறது.

மில்கிராமின் ஆய்வு மீது விமர்சனங்கள் இல்லாமல் இல்லை. அதிர்ச்சி போலி என்று பங்கேற்றவர்களில் சிலர் சந்தேகப்பட்டார்கள் என்பது பழைய பதிவுகளைத் தோண்டியவர்கள் சொல்லும் குறை. ஆனால் உளவியலாளர் ஜெர்ரி பர்கர் 2009இல் வெளியிட்ட மறுசோதனை 150 வோல்ட்டோடு நிறுத்தப்பட்டது. அந்த எல்லைக்கு அப்பாலும் போகத் தயாராக இருந்தவர்கள் 70 சதவீதம். என் வாதத்துக்கு நெருடலான ஒன்றும் அதில் இருக்கிறது: உடனிருந்த ஒருவர் மறுத்துக் காட்டியும் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. அப்படியானால் வெறுமனே பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதாது, அந்தக் குரலுக்கும் கனம் வேண்டும். 2024இல் ஹைதராபாத்தில் ஸ்டேட் வங்கிக் கிளை ஒன்றில் நடந்தது இதற்குப் பொருந்துகிறது. வைப்புநிதியில் இருந்த 13 லட்சத்தை எடுக்க வந்த மருத்துவர், எதற்கு என்று கேட்டால் நிலம் வாங்க என்றார். முகத்தில் பதற்றம். எந்த நிலம் என்றும் முடிவாகவில்லை. குடும்பத்தாரோடு வாருங்கள் என்று ஊழியர்கள் பணத்தை நிறுத்திவைத்தார்கள். அவர் நம்பவில்லை, வங்கிக்காரர்களையும் நம்பாதே என்று எதிர்முனையில் சொல்லிவைத்திருந்தார்கள். கடைசியில் சைபர் குற்றப் புகாருக்கான 1930 உதவி எண்ணில் பேசவைத்த பிறகுதான் வாயைத் திறந்தார். ஒரு போலி அதிகாரத்தை முறிக்க நிஜ அதிகாரம் தேவைப்பட்டது.

என் பணத்தை எடுக்க வங்கிக்கு ஏன் விளக்கம் சொல்ல வேண்டும் என்று கேட்பது நியாயமான கேள்விதான். மகன் வந்தால்தான் பணம் தருவோம் என்று வயதானவர்களிடம் எப்போதும் சொல்ல ஆரம்பித்தால் அது இன்னொரு கொடுமை. சிங்கப்பூர் இதற்கு ஒரு நடுவழி கண்டிருக்கிறது. போலீஸே சொல்லியும் ஏமாறுகிறவர் நம்ப மறுத்தால், அவர் கணக்கிலிருந்து பணம் போவதை 30 நாள் வரை தடுக்கும்படி வங்கிகளுக்கு உத்தரவிடலாம் என்ற சட்டம் 2025 ஜூலையில் அங்கே அமலுக்கு வந்தது. பிரிட்டனில் சந்தேகத்துக்குரிய பணமாற்றத்தை 72 மணி நேரம் வரை கூடுதலாகத் தாமதிக்க வங்கிகளுக்கு 2024இலிருந்து அனுமதி. சுதந்திரத்தில் கை வைப்பதுதான். ஆனால் கேமரா முன்னால் இரண்டு நாளாக உட்கார்ந்திருப்பவரிடம் அப்போது எவ்வளவு சுதந்திரம் மிச்சம் இருக்கிறது?

தனியாக இருப்பவர்களின் பாடுதான் கடினம். பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் ஒற்றை ஆள், ஓய்வூதியப் பணம் மொத்தமும் ஒரே கணக்கில். அவர்களுக்கு இரண்டாவது குரலை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவைக்கத்தான் வேண்டும். நெட்பேங்கிங்கில் ஒரு நாளைய உச்சவரம்பை மாதச் செலவு அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். பெரிய வைப்புநிதியை இருவர் கையெழுத்தும் இருந்தால்தான் எடுக்கலாம் என்ற முறையில் போடலாம். பணம் போய்விட்டது என்று தெரிந்த மறுநிமிடம் 1930க்குக் கூப்பிட வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து நாலு கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் மிஞ்சும். கூப்பிடும்போது பரிவர்த்தனையின் யு.டி.ஆர். எண் கையில் இருந்தால் தேடும் நேரம் மிச்சம். பலர் வெட்கத்தில் இரண்டு நாள் வாய் மூடி இருந்துவிடுகிறார்கள். அந்த இரண்டு நாளும் மோசடிக்காரனின் கணக்கில்தான் சேர்கின்றன.