பாறும் அதன் குஞ்சும்

பாறு என்பது பழந்தமிழ்ச் சொல். இக்காலத்தார் அதனைப் பிணந்தின்னிக் கழுகு என நீட்டி வழங்குவர். கழுகும் பாறும் ஒன்றெனக் கருதுவாரும் உளர், அது பிழை. கழுகு இரையைக் காலாற் பற்றிக் கூட்டிற்குக் கொணரும். பாறின் கால்களோ நடத்தற்கு ஏற்றவையேயன்றிப் பற்றித் தூக்குதற்கு ஏற்றவை அல்ல. அங்ஙனமாயின் கூட்டிலே பசித்திருக்கும் குஞ்சுக்கு உணவு எவ்வாறு சென்று சேரும்?

தென்னாப்பிரிக்காவில் கேப் பாறு என்றோர் இனம் உண்டு. அது செங்குத்தான பாறைகளின் விளிம்பிற் கூடமைத்து, ஆண்டுக்கு ஒரே முட்டையிடும். ஆணும் பெண்ணும் ஏறத்தாழ இரண்டு திங்கள் முறைமாற்றி அடைகாக்கும். குஞ்சு வெளிவந்தபின் ஒன்று காவலிருக்க, மற்றொன்று நெடுந்தொலைவு பறந்து, செத்த விலங்கின் ஊனை விழுங்கித் தொண்டையடியிலுள்ள பையில் நிரப்பிக்கொண்டு மீளும். மீண்டு, அதனைக் கக்கிக் குஞ்சுக்கு ஊட்டும். கக்கிய உணவா என முகஞ்சுளிப்போர், நம் மாடத்துப் புறாவும் இவ்வாறே ஊட்டுவதைக் கண்டிலர் போலும்!

ஊனில் தசை வளர்க்கும் சத்து மிகுதி. எலும்பு வளர்க்கும் சுண்ணாம்புச் சத்தோ மிகக் குறைவு. நான்கைந்து திங்களில் பறக்கவேண்டிய குஞ்சுக்கு அது போதாது. ஆதலின் பாறுகள் ஊனோடு சிறு எலும்புத் துண்டுகளையும் கொணர்ந்து ஊட்டும். ஆனால், எருதின் எலும்பை உடைக்கும் வலிமை பாறின் அலகுக்கு இல்லை. அதனை உடைப்பது கழுதைப்புலி. அதன் பற்களிற்பட்டுச் சிதறிய துண்டுகளையே பாறுகள் பொறுக்கும்.

1970களில் பீட்டர் மண்டி, ஜான் லெட்ஜர் என்னும் அறிஞர் இருவர் அந்நாட்டில் இப்பறவைகளை ஆராய்ந்தனர். மகாலீசுபெர்க்கு மலைக் கூடுகளிலே பல குஞ்சுகள் சிறகெலும்பு வளைந்தும் முறிந்தும் கிடந்தன. இரைக்குக் குறைவில்லை, பண்ணைகளில் இறந்த மாடுகள் கிடைத்தன. ஆயினும், மந்தைகளைக் காக்கவேண்டிக் கழுதைப்புலிகளை மக்கள் முன்பே அழித்துவிட்டமையால், எலும்பை உடைப்பார் இலர். பாறுகளோ பீங்கான் ஓட்டையும் கண்ணாடிச் சில்லையும் எலும்பென மயங்கிக் கொணர்ந்து, தம் ஒற்றைக் குஞ்சுக்கு ஊட்டின. அவ்வளவு தொலைவு சுமந்து வந்தும் குஞ்சின் சிறகு நிமிரவில்லை.

காரணம் விளங்கியபின், இறந்த கால்நடைகளைக் குறித்த இடங்களில் இட்டு, அவற்றின் எலும்புகளை உடைத்துப் பரப்பலாயினர். பாறுகளின் உணவு விடுதி என்று அவ்விடங்களுக்குப் பெயர். பாறுகள் அத்துண்டுகளைப் பொறுக்கிச் சென்றன; சிறகு வளைந்த குஞ்சுகளின் தொகை அதன்பின் குறைந்தது.