உறுமுவது ஊஃபரா, திருகா?

பரணிலிருந்து இறக்கிய பழைய ஸ்பீக்கர் பெட்டி. தூசு தட்டி, ஆம்ப்ளிஃபையரில் ஒயரை மாட்டிப் பாட்டைப் போட்டால் குரல் கணீரென்று வருகிறது. வயலினில் ஒரு குறையும் இல்லை. தாழ்ந்த ஒலி தரும் தொப்பிப் பக்கம் கை விழுந்து மிருதங்கம் 'தொம்' என்னும்போது மட்டும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு 'கர்ர்'. உடனே மறைந்துவிடுகிறது. மறுபடி தொம், மறுபடி கர்ர். "ஊஃபர் போச்சு, வேற வாங்கிப் போடு" என்று வீட்டில் யாராவது தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அது அவசரத் தீர்ப்பு.

தமிழில் இரட்டைக்கிளவிக்குப் பஞ்சமில்லை. தாழ்ந்த சுரங்களைத் தரும் ஊஃபரின் நோயைக் கண்டுபிடிக்க அதுவே பாதி உதவி. 'சரசர' என்று காகிதத்தில் நகம் உரசுவதுபோல் கேட்டால், உள்ளே இருக்கும் கம்பிச்சுருளான காயில், காந்த இடுக்கின் சுவரில் உராய்கிறது. 'படபட' என்றால் கோனின் விளிம்போ நடுவில் இருக்கும் தூசு மூடியோ ஒட்டுவிட்டிருக்கிறது. 'டக் டக்' என்ற கெட்டியான தட்டல், காயில் பின்னால் போய்க் காந்தத்தின் அடித்தட்டில் முட்டுவது. உடனே சத்தத்தைக் குறைக்க வேண்டும். 'ஜிர்ர்' என்றால் ஏதோ ஒரு திருகு, ஒயர், முன்தட்டி. 'புஸ் புஸ்' என்றால் பெட்டியில் காற்றுக் கசிவு. இந்த ஐந்தையும் பிரித்துக் கேட்கப் பழகியவர், ஸ்குரூ டிரைவரைத் தொடுவதற்கு முன்பே பாதி வேலையை முடித்துவிடுவார்.

இத்தனை நோய்கள் ஏன் ஊஃபருக்கு மட்டும்? முதலில் அதன் அமைப்பைப் பார்க்க வேண்டும். இன்று நாம் பயன்படுத்தும் கோன் ஸ்பீக்கரின் அமைப்பு, அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் 1925இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலிருந்து வருகிறது. நூறாண்டில் அடிப்படை மாறவில்லை. காந்தத்தில் வட்டமாக ஒரு குறுகிய இடுக்கு. அதற்குள் செம்புக் கம்பி சுற்றிய காயில். காயிலோடு ஒட்டிய காகிதக் கோன். மின்னோட்டம் மாற மாறக் காயில் முன்னும் பின்னும் ஓடுகிறது, கோன் காற்றைத் தள்ளுகிறது. காயிலுக்கும் இடுக்கின் சுவருக்கும் நடுவே பல ஊஃபர்களில் இருக்கும் இடைவெளி, இரண்டு மூன்று தாள்களை அடுக்கிய தடிமன்தான். அந்தச் சந்தில் காயில் சுவரைத் தொடாமல் ஓடியாக வேண்டும்.

அதை நடுவில் நிறுத்தி வைப்பவை இரண்டு. ஒன்று, கோனின் கழுத்தைச் சுற்றி உள்ளே இருக்கும் ஸ்பைடர்: பிசினில் நனைத்து, அலை அலையாக மடித்த துணி வட்டம். ஆரம்பக் காலத்தில் தகட்டைக் கால் கால்களாக வெட்டிச் செய்ததால் சிலந்தியின் பெயர் வந்தது. கால்கள் போய்விட்டன, பெயர் தங்கிவிட்டது. இன்னொன்று, கோனின் வெளிவிளிம்பை இரும்புச் சட்டத்தோடு இணைக்கும் ஓர வளையம். கோன், காந்தம் என்று எல்லோரும் பேசுவார்கள். பழைய பெட்டிகளில் பெரும்பாலும் முதலில் சாவது இந்த வளையம்தான்.

தாழ்ந்த சுரத்தில் மட்டும் கோளாறு தலைகாட்டுவதற்கும் கணக்கு இருக்கிறது. அதே அளவு ஒலியைத் தர, அதிர்வெண் பாதியாகும்போது கோன் நான்கு மடங்கு தூரம் ஓட வேண்டும். 100 ஹெர்ட்ஸில் அரை மில்லிமீட்டர் அசைந்த கோன், 50 ஹெர்ட்ஸில் 2 மில்லிமீட்டர் அசைய வேண்டும். வயலினுக்கு அது துடித்தால் போதும். தொப்பிக்கு அது நடக்க வேண்டும். நடக்கும்போதுதான் கால் இடறுகிறது.

காதும் இதில் கூட்டாளி. மனிதச் செவிக்குத் தாழ்ந்த ஒலிகள் மந்தமாகத்தான் கேட்கும். அமைதியான அளவில், 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் ஒலி நமக்கு எவ்வளவு கேட்கிறதோ, அதே அளவுக்கு 40 ஹெர்ட்ஸ் ஒலி கேட்க 80 டெசிபலுக்கு மேல் வேண்டும். ஆனால் உரசலும் படபடப்பும் எழுப்பும் இரைச்சல், காது மிகக் கூர்மையாக இருக்கும் 2000, 3000 ஹெர்ட்ஸ் பகுதிவரை சிதறுகிறது. அதனால் ஊஃபர் தரும் ஒலியில் துளியளவே இருக்கும் கர்ர், நம் காதுக்குப் பூதாகரமாகத் தெரிகிறது. ஸ்பீக்கர் தொழிற்சாலைகளில் இந்தச் சோதனைக்கு நெடுங்காலம் ஆட்களையே உட்கார வைத்துக் காதால் கேட்கச் செய்தார்கள். கருவிகள் பின்னால் வந்தவை.

சரி, பெட்டியைத் திறக்கலாமா? கொஞ்சம் பொறுக்கலாம். முதலில் இடது, வலது ஒயர்களை மாற்றிப் போட வேண்டும். கர்ர் அடுத்த பெட்டிக்குத் தாவினால் குற்றவாளி ஆம்ப்ளிஃபையர். அதே பெட்டியில் நின்றால், கைபேசியில் கிடைக்கும் ஏதாவது ஒரு ஒலி உற்பத்திச் செயலியில் 20லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை ஒற்றைச் சுரத்தை மெல்ல நகர்த்த வேண்டும், சத்தம் குறைவாகவே. குறிப்பிட்ட ஓர் எண்ணில் மட்டும் 'ஜிர்ர்' என்று எழுந்து அடங்கினால், ஏதோ ஒரு தளர்ந்த பொருள் அந்த எண்ணுக்கு ஒத்ததிர்கிறது. முன்தட்டியைக் கழற்றிவிட்டுக் கேட்கலாம். பெட்டியின் பக்கங்களை, பின்னாலிருக்கும் ஒயர் முனைத் தகட்டை, கம்பெனிப் பெயர்ப் பட்டையை ஒவ்வொன்றாக விரலால் அழுத்தலாம். அழுத்தியதும் நின்றால் வைத்தியம் முடிந்தது. இவ்வளவும் செய்த பிறகு, சத்தம் பக்கத்திலிருக்கும் ஸ்டீல் பீரோவின் கண்ணாடியிலிருந்து வந்தது என்று தெரிவதும் உண்டு. சிரிக்க வேண்டாம், அனுபவப்பட்ட மெக்கானிக்குகளே ஏமாந்த இடம் அது.

இதையெல்லாம் தாண்டியும் கர்ர் நிற்கவில்லை என்றால் ஓர வளையத்தைப் பார்க்க வேண்டும். அந்த வளையத்தின் கதை ஒரு மெத்தை உறையிலிருந்து தொடங்குகிறது.

1950களின் தொடக்கத்தில் நல்ல தாழ்சுரம் வேண்டுமென்றால் பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் உட்ஸ்டாக்கில் வாழ்ந்த எட்கர் வில்ச்சூர் என்ற ஆசிரியர் இதைத் தலைகீழாக யோசித்தார். கோனை இழுத்துப் பிடிக்கும் விறைப்பான துணியையும் வளையத்தையும் தளர்த்திவிடலாம். சின்னப் பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடிவிட்டால், உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங்காக வேலை செய்யும். துணியைவிடக் காற்று ஒழுங்கான ஸ்பிரிங். சோதிக்க, ஒரு பழைய ஊஃபரின் ஓரத்தை வெட்டி எறிந்தார். வரைவாளராகப் பணியாற்றிய அவர் மனைவி ரோஸ்மேரி, மெத்தை உறைத் துணியில் அளவெடுத்து ஒரு தளர்வான வளையம் தைத்துக் கொடுத்தார். அது பலித்தது. மாணவர் ஹென்றி க்ளாஸோடு சேர்ந்து மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் வில்ச்சூர் தொடங்கிய அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம், 1954இல் 'ஏஆர்-1' பெட்டியைக் கொண்டுவந்தது. 1956 டிசம்பரில் காப்புரிமையும் கிடைத்தது. சில ஆண்டுகளில் வந்த 'ஏஆர்-3' பின்னாளில் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இடம்பிடித்தது.

அந்தத் தொடக்க மாடல்களில் வளையம் துணி. காற்றுப் புகாமலிருக்கப் பிசுபிசுப்பான பூச்சு பூசியிருப்பார்கள். அவற்றில் பல இன்றும் ஓடுகின்றன. வினை பிறகு வந்தது. 1970 வாக்கில் ஏஆர் உட்படப் பல நிறுவனங்கள் துணியை விட்டு பாலியூரித்தேன் நுரைக்கு மாறின. நுரை லேசானது, மலிவு, வில்ச்சூர் கேட்ட தளர்ச்சியும் அதில் இருந்தது. ஆயுள் மட்டும் இல்லை. ஒருவகை நுரையின் வேதிப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள ஈரம் அறுக்கிறது. இன்னொரு வகையை ஆக்சிஜனும் வெளிச்சமும் அரிக்கின்றன. முதலில் பிசுபிசுக்கும், பிறகு பொரிபொரியாக உதிரும். சில ஆண்டுகள் பெட்டியிலேயே வைத்திருந்த ஷூவை எடுத்துப் போட்டதும் அடிப்பாகம் பிஸ்கட்போல் நொறுங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பல ஷூக்களின் அடியும் அதே பாலியூரித்தேன்தான், அதை நொறுக்குவதும் அதே ஈரம்தான். ஷூவைப் போலவே ஸ்பீக்கரும் ஓடவிடாமல் பொத்தி வைத்ததால் பிழைக்காது. கடலோர ஊர்களின் புழுக்கத்தில் இன்னும் சீக்கிரம் போய்விடும்.

வளையம் ஒரு பக்கம் கிழிந்தால் கோன் சாய்கிறது. கோன் சாய்ந்தால் காயில் உரசுகிறது. உதிர்ந்த நுரைத்துகள் இடுக்குக்குள் விழுந்தால் அதுவும் சரசர.

சோதிக்கும் முறை எளிது, கை மட்டும் மென்மையாக இருக்க வேண்டும். ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, தூசு மூடியைச் சுற்றி நான்கு விரல்களைச் சம இடைவெளியில் வைத்துக் கோனை நேராகச் சில மில்லிமீட்டர் உள்ளே அழுத்தி விட வேண்டும். காதை அருகே வைத்தால், நல்ல ஊஃபரில் மூச்சுச் சத்தம்கூட வராது. ஒரு பக்கமாக அழுத்தினால் எந்த ஊஃபரும் உரசும். அதை நோய் என்று எண்ணிவிடக் கூடாது. ஏஆர் போன்ற மூடிய பெட்டியில் இன்னொன்றும் தெரியும். அழுத்திப் பிடித்துவிட்டுக் கையை எடுத்தால் கோன் ஒன்றிரண்டு விநாடி எடுத்து மெதுவாகத் திரும்ப வேண்டும். சட்டென்று துள்ளினால் எங்கோ காற்று கசிகிறது.

மல்டிமீட்டரில் 8 ஓம் ஊஃபர் சுமார் 6 ஓம் காட்டினால் கவலையில்லை. பெயரளவு எண்ணைவிட நேர்மின் தடை குறைவாகவே இருக்கும். முள் அசையவே இல்லை என்றால் காயில் அறுந்திருக்கிறது. 1.5 வோல்ட் பேட்டரியை நொடிப்பொழுது தொட்டால் கோன் ஒரே துள்ளலாக நகர வேண்டும். பாசிட்டிவை பாசிட்டிவில் தொட்டால் வெளியே வருவதுதான் வழக்கம். பழைய ஜேபிஎல் ஊஃபர்கள் உள்ளே போகும். அந்த நிறுவனம் நெடுங்காலம் அப்படித்தான் செய்தது, பழுது என்று பயப்பட வேண்டியதில்லை.

நுரை நன்றாக இருந்தும் லேசாக உரசுகிறதா? அப்படியானால் செலவில்லாத ஒரு வைத்தியம் உண்டு. பல ஆண்டுகள் ஒரே நிலையில் இருந்த கனமான கோன், தன் எடையாலேயே ஸ்பைடரைக் கீழே தொய்ய வைத்திருக்கும். ஊஃபரைக் கழற்றி, மேல்பக்கம் கீழே வரும்படி அரைச்சுற்றுத் திருப்பி மாட்டினால், தொய்ய வைத்த அதே எடை இப்போது எதிர்ப்பக்கம் இழுக்கும்.

வளையம் போயிருந்தால் புதிது ஒட்ட வேண்டும். புதிய நுரை வளையங்கள் அளவுவாரியாகக் கிடைக்கின்றன. '12 அங்குலம்' என்று மட்டும் சொல்லி வாங்கினால் பொருந்தாது, கோனின் விட்டத்தையும் சட்டத்தின் விட்டத்தையும் அளக்க வேண்டும். பழைய நுரையையும் பசையையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தொட்டு நகத்தால் சுரண்டுவதுதான் இதில் பெரிய வேலை. காகிதக் கோன் கிழியாமல் இதைச் செய்ய ஒரு மாலைப்பொழுதே போய்விடும். பிறகு காய்ந்தாலும் வளைந்து கொடுக்கும் வெள்ளைப் பசையால் வளையத்தைக் கோனில் ஒட்டிக் காயவிட வேண்டும். உடனடியாக ஒட்டும் பசை வேண்டவே வேண்டாம். அது கண்ணாடிபோல் இறுகி, ஆடும் இடத்தில் வெடிக்கும்.

அடுத்தது சட்டத்தில் ஒட்டுவது. காயிலை நடுவில் நிறுத்த வேண்டிய கட்டம் இதுதான். ஒரு வழி, தூசு மூடியை வெட்டியெடுத்து, காயிலின் உள்பக்கத்துக்கும் காந்தத்தின் நடுத்தண்டுக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் கீற்றுகளைச் சுற்றிலும் செருகுவது. இன்னொரு வழி, மூடியைத் தொடாமல், 30 ஹெர்ட்ஸ் சுரத்தை மிகக் குறைந்த அளவில் ஓடவிட்டு, பசை ஈரமாக இருக்கும்போதே வளையத்தை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவது. சரசர தேய்ந்து தேய்ந்து ஓர் இடத்தில் முற்றிலும் அடங்கும். அங்கேயே துணி காயப்போடும் கிளிப்புகளைச் சுற்றிலும் மாட்டி, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் வைக்க வேண்டும். கீற்றை நம்புபவர்களுக்கு முதல் வழி, காதை நம்புபவர்களுக்கு இரண்டாவது.

தீராத நோய்களும் உண்டு. கூரியரில் ஒருமுறை கீழே விழுந்தால் போதும், பசையால் ஒட்டிய கனமான ஃபெரைட் காந்தம் பக்கவாட்டில் நழுவிக் காயிலை நெரித்துவிடும். கோன் கல்போல் அசையாது. அல்நிகோ காந்தம் கொண்ட பழைய ஊஃபரைப் பிரித்தெடுத்தால் காந்த வலிமையே குறைந்துவிடும். அளவு மீறி ஓட்டிச் சூடேறிய காயிலில் கம்பிச் சுற்றுகள் பிரிந்து உரசும்; கோனும் காயிலும் சேர்த்து மாற்றத்தான் வேண்டும். இந்த மூன்றும் வீட்டுமேசையில் செய்கிற வேலையல்ல.

ஆகவே பரணில் பெட்டி இருப்பவர்கள் முதலில் முன்தட்டியைக் கழற்றி அந்த வளையத்தை ஒரு விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். விரலில் கறுப்பாக ஒட்டினால் பாட்டுப் போடாதீர்கள். உடைந்த வளையத்தோடு ஓட்டுவதுதான் நல்ல காயிலைக் கொல்கிறது. புதிய ஊஃபர் வாங்கிப் போட்டாலும் பழையதை எறியாதீர்கள், அந்தப் பெட்டியின் கொள்ளளவுக்காகவே செய்தது அது. திருகுகளை இறுக்கும்போது இன்னொரு கையைக் கோனுக்கு முன்னால் காவலாக வையுங்கள். உள்ளே இருக்கும் காந்தம் ஸ்குரூ டிரைவரை இழுத்துக்கொள்ளும். கோனில் ஓட்டை விழ அரை விநாடி போதும்.