ஆடினவரே அம்பயரானால்

"நேத்து வரைக்கும் கையைத் தூக்கி அவுட் கேட்டவரு, இன்னிக்கு அம்பயரா நின்னா யாருண்ணா நம்புவாங்க?" ஊத்தங்கரை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீ குடிக்கும்போது ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் நம்பினார்கள். அதுவும் நம்ம சென்னைக்காரரை.

எஸ். வெங்கட்ராகவன் கிண்டியில் இன்ஜினியரிங் படித்தவர், ஆஃப் ஸ்பின்னர். 1965-ல் நியூசிலாந்தோடு முதல் டெஸ்ட். அதே தொடரில் டெல்லியில் 12 விக்கெட். 1983 வரை 57 டெஸ்ட், 156 விக்கெட். கேப்டனாகத்தான் ராசியில்லை. 1975, 1979 உலகக் கோப்பைகள் இரண்டுக்கும் அவரே கேப்டன். இந்தியா ஜெயித்தது கிழக்கு ஆப்பிரிக்காவை மட்டும். 1979 ஓவல் டெஸ்ட்டில் 438 எடுக்க வேண்டும், கவாஸ்கர் 221 அடித்தார், 429-க்கு 8 என்று நிற்கும்போது நேரம் முடிந்துவிட்டது. ஊர் திரும்பும் விமானத்திலேயே, கேப்டன் பதவி கவாஸ்கருக்குப் போன சேதி வந்து சேர்ந்தது. கொடுமைதான்.

கடைசி டெஸ்ட் ஆடிப் பத்து வருஷம் கழித்து, 1993-ல் கொல்கத்தாவில், இந்தியா–இங்கிலாந்து டெஸ்ட்டில் அம்பயராக நின்றார்.

இப்படிக் கட்சி மாறுவது புதுசில்லை. அமெரிக்காவில் பேஸ்பால் சம்பள ஆட்டமான 1870-களில் பாப் ஃபெர்குசன் என்று ஒருவர்: ஆட்டக்காரர், மேனேஜர், அம்பயர், எல்லாமே. 1873-ல் அவர் அம்பயராக நின்ற ஒரு மேட்சில் நாட் ஹிக்ஸ் என்ற கேட்சரோடு தகராறு முற்றி, பேட்டை எடுத்து அவர் கையையே உடைத்துவிட்டார். தம்பிக்கு இந்தக் கதைதான் ரொம்பப் பிடித்தது.

நம்ம பக்கத்து டென்னிஸ் பால் மேட்சில் எல்பிடபிள்யூ கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? பேட்டிங் டீம் ஆளே அம்பயராக நின்றால் யாருக்கு அவுட் கொடுப்பான்? போல்டு, கேட்ச், ரன் அவுட் எல்லார் கண்ணுக்கும் தெரியும். எல்பிடபிள்யூ ஒருத்தர் கண்ணை நம்பி நடப்பது. பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தினால் அவுட் இல்லை. பேட்டால் ஆட முயன்றவருக்கு ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே காலில் பட்டாலும் அவுட் இல்லை. முன்காலை நீட்டித் தடுத்தால், ஸ்டம்புக்கு இன்னும் எத்தனை அடி போக வேண்டும், அதற்குள் பந்து எவ்வளவு திரும்பும் என்று கணக்குப் போட வேண்டும். பதினெட்டு வருஷம் டெஸ்ட்டில் ஆஃப் ஸ்பின் போட்ட வெங்கட்ராகவனுக்கு அந்தத் திருப்பம் அத்துப்படி. என்னைக் கேட்டால், அவருக்கு அதுதான் மூலதனம்.

ஆனால் கண் மட்டும் போதாது, ஆள் யாருடைய ஆள் என்பதும் உண்டு. உள்ளூர் அம்பயர் மேல் எல்லா நாட்டிலும் புகார். 1986-ல் லாகூரில் பாகிஸ்தான்–வெஸ்ட் இண்டீஸ் டெஸ்ட்டுக்கு இந்தியாவிலிருந்து வி.கே. ராமசாமி, பிலு ரிப்போர்ட்டர் இருவரையும் அழைத்தார்கள். 1994-லிருந்து டெஸ்ட்டுக்கு ஒரு அம்பயர் வெளிநாட்டவர் என்று விதியே வந்தது. வெங்கட்டுக்கு வழி திறந்தது அப்போதுதான். 1999 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் 213-லேயே முடிந்த அந்த அரையிறுதியில் டேவிட் ஷெப்பர்டோடு நின்றது அவர்தான்.

2002-ல் ஐசிசி எட்டுப் பேரை எலீட் பேனலுக்கு எடுத்தது. அவரும் அதில் ஒருவர். இரண்டு அம்பயருமே வெளிநாட்டவர் என்று விதி மாறியதால், 2004-ல் ஓய்வு பெறும்வரை இந்தியா ஆடும் டெஸ்ட் எதிலும் அவர் நிற்க முடியவில்லை. மொத்தம் 73 டெஸ்ட். ஆடினதைவிட 16 கூட.